லிஃப்ட்காரர் அழுத்திய பொத்தான்

லிஃப்ட்காரருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அறுபத்தைந்து வயது மனிதர், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து, "உனக்கு வெட்கமே இல்லையா?" என்று கேட்டார். அதற்கு எங்கே வெட்கம்? ஐந்து வருஷமாக விடிந்தால் போதும், திரையில் அதே சின்னப் பெட்டி, அதே கேள்வி.

நடப்பது இதுதான். காபி டம்ளரோடு நாற்காலியில் உட்காருவார். படங்களைச் சேர்த்து வைக்கும் செயலியைத் திறப்பார். முதல் பக்கத்தில் மனைவியின் படம் வரும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் மூன்று வயது மகளை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி இருப்பாள். அவள் போய் இருபத்தோரு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் காலையில் பேப்பர் பார்ப்பதுபோல் இவர் அந்த முகத்தைப் பார்ப்பார். பார்க்கலாம் என்று குனிந்தால், அந்தச் சின்னப் பெட்டி சொல்லிவைத்தாற்போல் மனைவியின் முகத்தின் மேலேயே வந்து குந்தும். ஏதோ கேட்கும். வலது பக்கப் பொத்தான் 'வேண்டாம்' என்பது அவருக்கு மனப்பாடம். அழுத்துவார். பெட்டி போய்விடும். மறுநாள் காலையில் விட்டேனா பார் என்று திரும்ப வரும்.

என்ன கேட்கிறது என்று ஒரு நாளாவது படித்தாரா? அதுதான் இல்லை. எழுத்து பொடி. மூக்குக் கண்ணாடி பேப்பருக்கு மட்டும் என்று அவருக்கு ஒரு சட்டம். பொத்தான் இருக்கும் இடம் தெரிந்தால் போதாதா என்பார். நாற்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர் பேசுகிற பேச்சா இது?

வேலையில் இருந்தபோது அவர் இப்படி இல்லை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டின் அபாய மணி ஓயாமல் அடிக்கிறது என்று காவலாளி ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். இவர் போய் அந்த மனிதரை ஒரு பிடி பிடித்தார். "காரணம் இல்லாம எந்த மணியும் அடிக்காதுய்யா! வாயை அடைக்கறதுக்கு முன்னாடி யாரு, என்னன்னு கேக்க மாட்டியா?" உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், கதவைத் திறக்க ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, இவர் லிஃப்ட் குழியை நோக்கி, "ஆள் இருக்கேன், பயப்படாதீங்க" என்று மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு குரல் கொடுப்பார். தொண்டை கட்டிப்போனாலும் கொடுப்பார். கம்பெனியில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது அவர் இருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேர் கீழே கம்ப்யூட்டர் கடை. ஒரு நாளில் அவர் வாயைத் திறப்பது பால் வாங்கும்போது ஒரு தடவை, அந்தப் பெட்டியைத் திட்டும்போது ஒரு தடவை. சில நாள் பால்காரர் பையைத் தொங்கவிட்டுப் போய்விட்டால் அதில் ஒன்று குறையும்.

மகள் இருந்தவரை வீடு இப்படியா இருந்தது? தாய் போனபோது அவளுக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விட ஆள் கிடையாது, அதனால் வேலைக்குக் கூடவே அழைத்துப் போவார். கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். 'வாண்டு' என்று இவர்தான் பெயர் வைத்தார். கம்பெனி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. சும்மா இருக்கிற பிள்ளையா அவள்? அதனால் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்ததும், லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் ஷூ நுனியை இரண்டு தரையும் சேரும் இணைப்பில் வைப்பாள். இடித்தால், "மட்டம் தப்பிருச்சுப்பா!" என்று கத்துவாள். பிறகு ஒரு பழைய கேமராவைக் கையில் கொடுத்தார். இணைப்பையும் ஷூ நுனியையும் சேர்த்துப் படம் எடுப்பாள். ஷூவை வைத்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இவர் கணித்துவிடுவார். கம்பெனி அறிக்கையோடு அந்தப் படத்தை இணைப்பார். வேறு எந்த லிஃப்ட்காரரும் அப்படிச் செய்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அடிக்காத குறையாகத் திட்டுவார். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. "உள்ளன்னா உள்ள நில்லு, வெளியன்னா வெளிய வா. ரெண்டுங்கெட்டானா நின்னா லிஃப்ட் கிளம்பும்போது என்ன ஆகும்?" வாண்டு தலையாட்டுவாள். அடுத்த மாடியில் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே ஒரு காலை வெளியே வைப்பாள். இவர் கத்துவார். அவள் சிரிப்பாள். அப்பாவைக் கத்தவைப்பது அவளுக்கு அவ்வளவு இஷ்டம்.

அப்படிப்பட்ட அப்பாவுக்கும் மகளுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போனது ஒரு வேலையினால். படித்து முடித்தவளுக்குத் தன் கம்பெனியிலேயே வரைபடப் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தார். மேலாளரிடம் தலையைச் சொறிந்து நின்று, "என் பொண்ணு பொறுப்பானவ சார்" என்று வாக்குக் கொடுத்து வாங்கிய வேலை. அவள் மூன்றே வாரத்தில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். "எனக்கு லிஃப்ட் பிடிக்கும்ப்பா. லிஃப்ட் ஆபீஸ்தான் பிடிக்கல" என்றாள். கட்டடங்களை நேரில் போய் அளக்கிற ஒரு வேலை, எங்கோ தூரத்து நகரத்தில், தானே தேடிக்கொண்டிருந்தாள். இவருக்கு மேலாளரின் முகத்தில் விழிக்க முடியவில்லை. ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் மட்டும் சொன்னார்: "போறதுன்னா போ. அங்க போய் உட்கார்ந்துகிட்டு, போன்ல எப்படி இருக்கீங்கன்னு கொஞ்சற வேலையெல்லாம் வேண்டாம்."

கோபத்தில் சொன்னதை யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்களா? பிடிவாதத்தில் அவள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், எடுத்துக்கொண்டாள். கிளம்புகிற காலையில் அவர் குழாயைத் திறந்துவிட்டு முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவள் கம்ப்யூட்டர் முன்னால் ஏதோ செய்தபடி ஏதோ சொன்னாள். 'கேக்கும்' என்ற ஒரு சொல் காதில் விழுந்தது. என்ன என்று அவர் திரும்பிக் கேட்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் குழாயை மூடினார். முதல் இரண்டு வருஷம் அவருடைய பிறந்தநாளுக்கு மட்டும் போன் வந்தது. "நல்லாருக்கீங்களாப்பா?" "ம்." அதோடு சரி. அப்புறம் அதுவும் நின்றது. பெற்று வளர்த்தவனை ஒரேயடியாக மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவோடுதான் தினமும் தூங்கப் போனார்.

பெட்டியின் தொல்லை பொறுக்காமல் அன்று காலை கீழே இறங்கிப் போய்க் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையில் செருகியிருப்பார். மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா சார் இப்படிக் கேக்குது?"

"அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷமா! நீங்க எதை அழுத்துவீங்க?"

"வேண்டாம்னுதான்."

"சரியாப் போச்சு போங்க." அந்த அம்மா சிரித்துவிட்டார். "வேண்டாம்னா இப்ப வேண்டாம்னுதான் அது எடுத்துக்கும். படம் எல்லாம் அப்படியே வெளியில காத்துக்கிட்டு இருக்கும். நாளைக்கு மறுபடியும் கேக்கும். அது மேல தப்பே இல்ல. ஒண்ணு, சேர்த்துக்கோன்னு சொல்லணும். இல்லன்னா இங்க பாருங்க, 'இனிமேல் கேட்காதே'ன்னு ஒரு கட்டம் இருக்கு. இதுல ஒரு டிக் போட்டா அதோட வாயே திறக்காது. எது செய்யட்டும்?"

"டிக் போடுங்க. சனியன் ஒழியட்டும்."

கடைக்காரம்மாவின் கை மவுஸைத் தொட்டது. தொட்ட கை நின்றது. திரையை நெருங்கிப் பார்த்தார். "சார், இருநூத்துப் பதினாலு படம்னு போட்டிருக்கே. ஃபோல்டர் பேரு 'அப்பாவுக்கு'. யாரோட அப்பாவுக்கு?"

லிஃப்ட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடி பேப்பரின் மேல் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ஐந்து வருஷம் கழித்து அந்தப் பெட்டியை முதல் தடவையாகப் படித்தார். 'அப்பாவுக்கு என்ற ஃபோல்டரில் 214 புதிய படங்கள் உள்ளன. சேர்த்துக்கொள்ளவா?'

"எனக்குத்தான் போலிருக்கு" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

கடைக்காரம்மா நல்ல மனுஷி. மேலே ஒன்றும் கேட்கவில்லை. இது இன்டர்நெட் வழியாக இன்னொருவரோடு பகிர்ந்த ஃபோல்டர், அங்கே யார் படம் போட்டாலும் இங்கே வந்து சேரும், இங்கே போட்டால் அங்கே போகும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். காபி ஆறிப்போயிருந்தது. இவர் இடது பக்கப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கம் மவுஸை நகர்த்துவதற்கே கை பழகியிருக்கவில்லை.

படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எல்லாம் லிஃப்ட்டுகள். இருநூற்றுப் பதினான்கும் லிஃப்ட் வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் இணைப்பின் மேல் ஒரு ஷூ நுனி.

முதல் படம் அவள் போய் இறங்கிய அன்று எடுத்தது. ரயில் நிலையத்து லிஃப்ட், சேறு ஒட்டிய வெள்ளை கேன்வாஸ் ஷூ. அவர் வாங்கிக் கொடுத்தது. மட்டம் கால் அங்குலம் தப்பியிருந்தது. இரண்டாவது நாள் ஒரு படம், மூன்றாவது நாள் ஒரு படம். கடைகளின் லிஃப்ட், அலுவலக லிஃப்ட், கம்பிக் கதவு வைத்த கிழட்டு லிஃப்ட் ஒன்று. அதைப் பார்த்தால் அப்பா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்திருப்பாள், நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்திருந்தாள். போன் வேண்டாம் என்று சொன்னவருக்கு, பிறந்தநாளைத் தவிர, அவள் போன் செய்யவில்லை. படம் அனுப்பாதே என்று அவர் சொல்லவில்லையே! அறிக்கை அனுப்பியிருக்கிறாள் பாவி, ஐந்து வருஷமாக.

ஒரு படத்தில்கூட முகம் இல்லை. ஷூவை வைத்துத்தான் மகளைப் பார்த்தார். கேன்வாஸ் போய்க் கறுப்புத் தோல் வந்தது. கறுப்புத் தோலில் பக்கவாட்டில் ஒரு விரிசல் விழுந்தது. அந்த விரிசலோடு ஒரு மழைக்காலம் முழுக்க நடந்திருக்கிறாள். ஒரு எவர்சில்வர் கதவில் மங்கலாக ஒரு உருவம் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். வெறும் புள்ளிகளாகக் கலைந்துபோயிற்று.

நூற்று முப்பத்தாறாவது படத்தில் ஷூ இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற நீலச் செருப்பு. கட்டில் போகிற அகலமான லிஃப்ட். கணுக்கால் குச்சியாக இருந்தது, பக்கத்தில் மருந்து பாட்டில் தொங்கவிடும் கம்பியின் சக்கரம். தேதியைப் பார்த்தார், மூன்று வருஷத்துக்கு முந்தையது. அடுத்த படமும் அதே செருப்பு. அதற்கடுத்ததும். பதினோரு நாள், பதினோரு படம், ஒரே லிஃப்ட். அந்த லிஃப்ட்டில் மட்டம் கொஞ்சமும் தப்பவில்லை. படம் எடுக்கிற அளவுக்கு அதில் பழுதே இல்லை. பின்னே எதற்காக எடுத்தாள்? மகள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பதினோரு தடவை அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். இவர் பதினோரு காலையும் மனைவியின் முகம் மறைக்கிறது என்று 'வேண்டாம்' அழுத்தியிருக்கிறார். லிஃப்ட்காரர் தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். என்ன வியாதி, யார் பார்த்துக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு படங்கள் குறைந்தன. வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. கடைசிப் படம் ஏழு மாதத்துக்கு முந்தையது. அதில் வாசலும் இல்லை, ஷூவும் இல்லை. மூடிய லிஃப்ட்டின் உள்பக்கம். அபாய மணிப் பொத்தான் சிவப்பாக எரிகிறது, அதன் மேல் ஒரு விரல் அழுத்தியிருக்கிறது. அந்த விரலில் இருந்த தழும்பை அவருக்குத் தெரியும். ஒன்பது வயதில் கதவு ஸ்பிரிங் கிழித்தது. இவர்தான் தன் சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டார்.

போனை எடுத்து அவள் எண்ணைப் போட்டார். இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது குரல். திரும்பவும் போட்டார். அதே குரல், அதே மரியாதை. ஆக, மிச்சம் இருப்பது அந்த ஒரு ஃபோல்டர்தான். அதையும் அவள் எந்த முனையிலாவது பார்க்கிறாளா, விட்டுவிட்டாளா, யாருக்குத் தெரியும்?

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மேஜை இழுப்பறையைக் கிளறி ஒரு சாவியை எடுத்தார். முக்கோண நுனி வைத்த, விரல் நீளச் சாவி. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்க, மாடியிலிருந்து கதவைத் திறப்பது அந்தச் சாவியால்தான். ஓய்வு பெற்றபோது எல்லாக் கருவிகளையும் ஒப்படைத்தவர், தேய்ந்துபோன இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு பெரிய சாலையில் இருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு நடந்தார். அங்கே இருக்கிற லிஃப்ட் அவர் பொருத்தியது. காவலாளி எழுந்து நின்றார்.

"என்ன சார், ரொம்ப நாளாச்சே! ஏதாவது ரிப்பேரா?"

"ஆமாய்யா" என்றார். "என்கிட்டதான்."

வாசலில் தன் செருப்பு நுனியை வைத்தார். பக்கத்தில் சாவியை வைத்தார். போனை எடுத்துக் குனிந்தார். மூன்று தடவை எடுத்தும் கலங்கலாகவே வந்தது. நான்காவது தேறியது. திரும்புகிற வழியில் கடைக்காரம்மாவிடம் போனை நீட்டினார்.

"இதை அந்த ஃபோல்டர்ல போடணும்மா."

"செருப்பும் சாவியுமா? என்ன சார் இது?"

"சொன்னாப் புரியாது."

"சொல்லிப் பாருங்களேன். கடையில ஈ ஓட்டிக்கிட்டுதானே இருக்கேன்."

சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் சார்" என்றார். 

மறுநாள் காலை செயலியைத் திறந்தார். பெட்டி வந்தது! 'அப்பாவுக்கு என்ற ஃபோல்டரில் 1 புதிய படம் உள்ளது.' காபி சட்டையில் கொட்டியதைக்கூடக் கவனிக்காமல் அழுத்தினார். திறந்தால், அவருடைய செருப்பு. அவருடைய சாவி. அவர் போட்டதையே அவரிடம் கொண்டுவந்து நீட்டியது அந்த முட்டாள் பெட்டி. வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு பெட்டி வரவில்லை. இத்தனை வருஷம் எது ஒழிய வேண்டும் என்று நினைத்தாரோ அது ஒழிந்துவிட்டது. மனைவியின் முகம் பளிச்சென்று தெரிந்தது. பார்க்கத்தான் மனம் இல்லை. மூடித் திறப்பார், திறந்து மூடுவார். "மணிக்கொரு தடவை திறந்தா படம் முளைக்குமா சார்?" என்று கடைக்காரம்மாகூடக் கேலி செய்தார். ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. கேள்வி கேட்க எதுவும் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பெட்டியாவது தினமும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்ததே.

பதினேழாவது நாள் காலை. கண்ணாடியை முதலிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திறந்தார். பெட்டி வந்தது, மனைவியின் முகத்தின் மேலேயே. '1 புதிய படம் உள்ளது. சேர்த்துக்கொள்ளவா?' தன் செருப்புதான் மறுபடி வந்திருக்கும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அழுத்தினார்.

செருப்பு இல்லை. ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்ட், கதவு முழுசாகத் திறந்திருந்தது. இந்தத் தடவை இரண்டு ஷூவும் தெரிந்தன. புதுசு, பழுப்பு நிறம். ஒன்று லிஃப்ட்டுக்கு உள்ளே, ஒன்று லிஃப்ட்டுக்கு வெளியே.

லிஃப்ட்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏய் வாண்டு! காலை எடுடீ! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உள்ளன்னா உள்ள நில்லு, வெளியன்னா வெளிய வா! கிளம்பிடுச்சுன்னா என்ன பண்ணுவே?"

ஜன்னலுக்குக் கீழே கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் குரல் உயர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மேலே லிஃப்ட்காரருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது, கண்ணாடி நனைந்து திரை தெரியவில்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத அறையில், திரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆள் இருக்கேன்மா" என்றார். "வெளிய வந்துடு."